1930 முதல் இழப்பீட்டு மனு வரை: பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் சேவைகள், ஒரு மதிப்பீடு

பண மோசடிக்கான 1930 உதவி எண்ணுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் நல்ல மதிப்பெண் போடலாம். அதே புகார் மூன்றாவது மாதத்தில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் பாதி மதிப்பெண்கூடத் தேறாது. உயிருக்கோ உடலுக்கோ பாதிப்பு ஏற்படுத்தும் குற்றங்களுக்காக மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு தரும் இழப்பீடு இதற்கு நேர்மாறு. மெதுவாகத்தான் நகரும், ஆனால் கடைசியில் வங்கிக் கணக்கில் உண்மையான பணம் வந்து விழும். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் காவல் நிலையம். அங்கே எப்.ஐ.ஆர். போட்டார்களா, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்களா என்பதைப் பொறுத்தே மற்றவை நடக்கின்றன. நாட்டின் குற்ற விகிதம் என்று ஆண்டுக்கு ஒருமுறை செய்தியில் வரும் எண்ணும் அந்த எப்.ஐ.ஆர்.களைக் கூட்டி வந்ததுதான்.

1930-லிருந்தே தொடங்கலாம், அதிகம் பேர் முதலில் தொடுவது அதைத்தான். 2021 ஏப்ரலில் 155260 என்ற எண்ணில் சோதனையாக ஆரம்பித்து, பிறகு 1930 ஆனது. மத்திய உள்துறையின் கீழுள்ள இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையத்தின் ஏற்பாடு இது. ஆனால் போனை எடுப்பது அந்தந்த மாநிலக் காவல் துறை. அதனால்தான் ஒரு மாநிலத்தில் சட்டென்று எடுக்கிறார்கள், இன்னொன்றில் வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் சொல்லும் விவரம் ஒரு டிக்கெட்டாக உங்கள் வங்கிக்குப் போகும். அங்கிருந்து பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று பார்ப்பார்கள். பணம் இன்னும் அங்கே இருந்தால் அந்தத் தொகையை நிறுத்தி வைப்பார்கள். அடுத்த வங்கிக்குப் போயிருந்தால் டிக்கெட்டும் அந்த வங்கிக்குத் தள்ளப்படும். மோசடிக்காரர்கள் பணத்தைக் கூலிக்கு வாங்கிய கணக்குகளில் துண்டு துண்டாகப் பிரித்து மாற்றிக்கொண்டே போவார்கள். ஏடிஎம்மில் எடுத்துவிட்டாலோ கிரிப்டோவாக மாற்றிவிட்டாலோ துரத்தல் அங்கேயே முடிந்தது. ஆகவே யோசித்து, வீட்டில் கலந்து பேசி, மறுநாள் காலை அழைப்பதில் பெரும்பாலும் பயன் இருக்காது. போலீஸ் என்று சொல்லி மிரட்டும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடியில் மீட்கப்படும் தொகை சொற்பமாக இருப்பதும் இதனால்தான்: நாள்கணக்கில் வீடியோ அழைப்பிலேயே பிடித்து வைத்திருப்பவர்கள், முதலில் அனுப்பிய பணத்தை அதற்குள் கரைத்துவிடுகிறார்கள்.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: வங்கி அல்லது வாலட்டின் பெயர், கணக்கு எண், பணம் போன நாள், நேரம், தொகை, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உரிய 12 இலக்க எண். இந்தக் கடைசி விவரத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். யுபிஐ செயலிகள் இரண்டு எண்களைக் காட்டும். எழுத்தும் இலக்கமும் கலந்து நீளமாக இருப்பது அந்தச் செயலியின் உள் எண். வங்கிக்கு அது பயன்படாது. வெறும் இலக்கங்களாக 12 இருப்பதுதான் யுடிஆர் எண். ஐந்து தவணையாகப் பணம் போயிருந்தால் ஐந்து எண்ணையும் சொல்ல வேண்டும். விட்டுப்போன தவணையை யாரும் தேடிப் போக மாட்டார்கள்.

அழைப்பு முடிந்ததும் எஸ்எம்எஸ்ஸில் ஒப்புகை எண் வரும். வேலை முடிந்தது என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த எண்ணை வைத்து 24 மணி நேரத்துக்குள் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதிய வேண்டும். தளத்தைப் பாராட்ட மனம் வரவில்லை. நடந்ததை விவரிக்கும் பெட்டியில் குறைந்தது 200 எழுத்துகள் இருக்க வேண்டும்; அடைப்புக்குறி, மேற்கோள்குறி, காற்புள்ளி போன்றவை இருந்தால் பிழை காட்டும். அடையாள அட்டையின் படம் 5 எம்பிக்குள்ளும், ஆதாரக் கோப்பு ஒவ்வொன்றும் 10 எம்பிக்குள்ளும் இருக்க வேண்டும். விவரத்தை முன்கூட்டியே போனில் வேறிடத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதி, முற்றுப்புள்ளி மட்டும் வைத்து ஒட்டிவிடுவது நல்லது. பணத்தைப் பறிகொடுத்த பதற்றத்தில் இருப்பவரிடம் காற்புள்ளிக்காகச் சண்டை போடும் படிவத்தை யார் வடிவமைத்தார்களோ! பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படப் புகார்களைப் பெயர் சொல்லாமலும் பதியலாம் என்பது தளத்தின் நல்ல அம்சம். ஆனால் பெயரில்லாமல் பதிந்த புகார் என்ன ஆனது என்று பின்தொடர முடியாது. படத்தை நீக்கினால் போதும் என்பவருக்கு அது சரி. வழக்கு நடத்த நினைப்பவர் பெயர் கொடுத்தே பதிய வேண்டும்.

அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி சைபர் மோசடியில் மக்கள் இழந்தது 2023-இல் 7,465 கோடி ரூபாய், 2024-இல் 22,845 கோடி. இந்த அமைப்பு தொடங்கியதிலிருந்து 2024 இறுதிவரை 9.94 லட்சம் புகார்களில் ‘காப்பாற்றப்பட்டது’ சுமார் 3,431 கோடி. காப்பாற்றப்பட்டது என்றால் ஏதோ ஒரு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டது என்றே படிக்க வேண்டும். உங்கள் கணக்குக்குத் திரும்ப அது தானாக வராது. பெரும்பாலும் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 457-ஆம் பிரிவு, இப்போது அதன் இடத்தில் வந்த பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 503. மனுவில் எந்த வங்கி, எந்தக் கணக்கு, எவ்வளவு தொகை நிறுத்தப்பட்டுள்ளது என்பது இருக்க வேண்டும். அந்த விவரம் சைபர் குற்றப் பிரிவின் விசாரணை அதிகாரியிடம்தான் கிடைக்கும். அவர் அறிக்கை தர வேண்டும். ஒரே கூலிக் கணக்கில் பல பேருடைய பணம் கலந்திருந்தால் யாருடையது எவ்வளவு என்ற சிக்கல் வேறு. குஜராத்தில் இத்தகைய மனுக்களை லோக் அதாலத்தில் வைத்து மொத்தமாகத் தீர்த்தார்கள். அது மற்ற இடங்களிலும் வழக்கமாக வேண்டும். 1930-க்கு நாம் மதிப்பெண் குறைப்பது இந்தக் கட்டத்துக்காகத்தான்.

இந்த அமைப்பின் இன்னொரு பக்கமும் உண்டு. மோசடிப் பணத்தில் ஒரு சிறு துளி யுபிஐ வழியாக ஒரு கடைக்காரரிடம் வந்திருக்கும். அவர் கணக்கு முழுவதையும் முடக்கிவிடுவார்கள். சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தினால் போதும் என்று சென்னை, கேரள உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அப்படி மாட்டிக்கொண்டவர், எந்த மாநிலக் காவல் துறையின் எந்தப் புகார் எண்ணுக்காக முடக்கினார்கள் என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குவதுதான் முதல் வேலை.

1930-ஐ அழைத்தது வங்கிக்குச் சொன்னதாகக் கணக்கில் வராது. இது பெரிய ஓட்டை, பலர் விழும் ஓட்டை. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் அனுமதியில்லாமல், வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் மூன்றாமவர் ஊடுருவலால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தவருக்கு இழப்பு பூஜ்யம். பணம் போனதாக வங்கியிலிருந்து தகவல் வந்த நாளைச் சேர்க்காமல், உங்கள் கிளையின் வேலை நாட்களை எண்ண வேண்டும். நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் தெரிவித்தால் கணக்கின் வகையைப் பொறுத்து 5,000, 10,000 அல்லது 25,000 ரூபாய் வரை உங்கள் பொறுப்பு. ஏழு நாட்களைத் தாண்டினால் அந்த வங்கியின் கொள்கை என்ன சொல்கிறதோ அது. தெரிவித்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் வேலை. ஆகவே ஒருவர் 1930-இல் பேசும்போதே வீட்டில் இன்னொருவர் வங்கியின் எண்ணை அழைத்துப் புகார் எண் வாங்கிக்கொள்வது நல்லது. 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.

ஓடிபியை நீங்களே சொன்னீர்கள் என்றாலோ, மிரட்டலுக்குப் பயந்து நீங்களே அனுப்பினீர்கள் என்றாலோ இந்தப் பாதுகாப்பு கிட்டத்தட்ட இல்லை. ஓடிபி சொன்னவருக்கு, வங்கிக்குத் தெரிவித்த நேரத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு மட்டும் வங்கி பொறுப்பு. இன்றைய மோசடிகளில் பெரும்பகுதி இந்த வகையாக இருக்கும்போது, 2017-இன் விதி நேற்றைய திருடனுக்குப் போட்ட பூட்டாக இருக்கிறது.

இனி காவல் நிலையம். புகார் கொடுத்தால் தமிழ்நாட்டில் கையில் வருவது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. மனு வந்தது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். புலன்விசாரணை தொடங்கியது என்று அதற்குப் பொருள் இல்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் 173-ஆம் பிரிவு இன்னும் சில வசதிகளைச் சேர்த்திருக்கிறது. சம்பவ இடம் எங்கள் நிலைய எல்லையில் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது; மின்னஞ்சல் போன்ற மின்வழியிலும் தகவல் தரலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும்; எப்.ஐ.ஆர். நகல் இலவசம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம் என்ற கதவும் அதே பிரிவில் இருக்கிறது. ‘விசாரணை நடக்கிறது’ என்று சொல்லி அனுப்பினால், 173(3)-இன் கீழா, அனுமதி எந்தத் தேதி என்று கேளுங்கள். இழுத்தடிப்பா இல்லையா என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு, அதற்கும் பதில் இல்லையென்றால் நடுவரிடம் மனு. தபால் ரசீதையும் மனுவின் நகலையும் பத்திரப்படுத்துங்கள், நடுவர் முதலில் கேட்பது அதைத்தான். வழக்குப் பதிந்த பிறகு 90 நாளுக்குள் விசாரணையின் நிலவரத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 193-ஆம் பிரிவு சொல்கிறது. கேட்காமல் தெரிவிப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். 90-ஆவது நாளில் எழுதிக் கேட்கலாம்.

எப்.ஐ.ஆர். இல்லாத குற்றம் தேசியக் கணக்கில் இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையை எப்படிப் படிப்பது என்பதற்கு இதுவே திறவுகோல். 2022-இல் பதிவான குற்றங்கள் 58,24,946. ஒரு லட்சம் பேருக்கு 422.2. 2023-இல் 62.41 லட்சம், விகிதம் 448.3. சைபர் குற்றங்கள் 65,893-இலிருந்து 86,420 ஆயின. அதே 2023-இல் சைபர் புகார்த் தளத்துக்கு வந்த புகார்கள் 15 லட்சத்துக்கு மேல். எது நாட்டின் சைபர் குற்ற எண்ணிக்கை? செய்திகள் பெரும்பாலும் சின்ன எண்ணைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

அறிக்கையின் கணக்கு முறைக்கும் சில குணங்கள் உண்டு. ஒரே எப்.ஐ.ஆரில் கொலை, கொள்ளை, வன்கொடுமை எல்லாம் இருந்தாலும் மிகக் கடுமையான ஒன்று மட்டும் எண்ணப்படும். வகுக்கும் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பிலிருந்து நீட்டிய மதிப்பீடு. பெண்களுக்கு எதிரான குற்ற விகிதத்துக்கு மட்டும் பெண்களின் மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். ஆகவே 2022-இன் 66.4 என்ற எண்ணை 422.2-க்குப் பக்கத்தில் வைத்து, அதில் இது எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடக் கூடாது. 2020-இல் மொத்தக் குற்றம் 28 சதவீதம் ஏறியது. நாடு பயங்கரமாகிவிட்டதா என்றால் இல்லை. ஊரடங்கை மீறியதற்குப் போட்ட, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு வழக்குகள் மட்டும் 29,469-இலிருந்து 6,12,179 ஆகியிருந்தன. குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் வேறு வேறு என்று அறிக்கையே எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை, மாநிலங்களுக்கு ராங்க் போடுவதுதான் வழக்கம். தயங்காமல் எப்.ஐ.ஆர். போடும் மாநிலம் அதில் குற்றவாளி மாதிரி மேலே நிற்கும். இன்னொரு குறை தாமதம்: 2023-இன் அறிக்கை வந்தது 2025 செப்டம்பர் இறுதியில். ஆய்வாளருக்கு இது நல்ல ஆவணம். ‘என் ஊர் பாதுகாப்பானதா’ என்று பார்க்க நினைப்பவருக்குப் பயனில்லை. குடும்ப வன்முறையைப் பற்றி அறிய வேண்டுமானால் தேசியக் குடும்பநல ஆய்வை எடுப்பதே மேல். 2019–21 ஆய்வில், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் 14 சதவீதம்தான். மற்றவர்கள் காவல் நிலையத்தின் கணக்கில் வரவே வாய்ப்பில்லை.

அந்தப் பெண்களுக்காக உள்ளவை 181 உதவி எண்ணும் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்களும். மையத்துக்குப் போக எப்.ஐ.ஆர். தேவையில்லை, இந்த ஒன்றுக்காகவே முதலில் போக வேண்டிய இடமாக அதைச் சொல்லலாம். மருத்துவம், காவல், சட்டம், ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் என்பது திட்டம். தங்குமிடம் ஐந்து நாள் வரை. அதற்கு மேல் வேறு இல்லத்துக்கு மாற்றுவார்கள், இடம் இருந்தால். நடைமுறையில் தரம் அந்த மாவட்டத்தின் ஊழியர்களைப் பொறுத்தது. மருத்துவமனை வளாகத்துக்குள்ளோ பக்கத்திலோ இருக்கும் மையங்கள் பெரும்பாலும் தேவலை. பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு ஆகியவற்றில் தனியார் மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது பிஎன்எஸ்எஸ் 397. முன்பணம் கேட்டால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளுக்குத் தனி நிவாரணம் உண்டு. குற்றத்தைப் பொறுத்து 85,000 முதல் 8.25 லட்சம் ரூபாய் வரை. தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல், வழக்கின் கட்டங்களைப் பொறுத்துத் தவணையாகத் தருவார்கள்; கொலை வழக்கில் உடற்கூறாய்வுக்குப் பிறகு பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும் மீதி. இதற்கான உதவி எண் 14566. எப்.ஐ.ஆரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவைச் சேர்க்காமல் விட்டுவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். நகல் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பிரிவுகளைத்தான்.

கடைசியாக, அதிகம் பேர் அறியாத அந்த இழப்பீடு. பிஎன்எஸ்எஸ் 396-ஆம் பிரிவின் கீழ் ஒவ்வொரு மாநிலத்துக்கும் திட்டம் உண்டு. பெண்களுக்கு, உச்ச நீதிமன்றம் ஏற்ற தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018 திட்டம், அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் நடப்பில் இருக்கிறது. உயிரிழப்புக்கும் கூட்டு வன்கொடுமைக்கும் 5 முதல் 10 லட்சம், வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம். சிறுமி என்றால் இதில் பாதி கூடுதல். குற்றவாளி பிடிபட வேண்டும், தண்டனை பெற வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஆள் யாரென்றே தெரியாத வழக்கிலும் கேட்கலாம். ஆசிட் வீச்சில் தகவல் தெரிந்த 15 நாளுக்குள் ஒரு லட்சம் இடைக்கால நிதி தர வேண்டும்.

மனுவை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் தரலாம். கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, சந்தேகத்துக்கு 15100. இணைக்க வேண்டியது எப்.ஐ.ஆர். நகல், அல்லது நடுவரிடம் கொடுத்த குற்றவியல் புகாரின் நகல். மருத்துவ அறிக்கை, இறப்புச் சான்று இருந்தால் அவையும். தீர்ப்பு வந்திருந்தால் அதன் நகல். விசாரணை 60 நாளுக்குள் முடிய வேண்டும் என்பது விதி. தாமதத்துக்கு வழக்கமான காரணங்கள், காவல் நிலையம் அறிக்கை அனுப்பாதது, மருத்துவ அறிக்கையில் ஊன சதவீதம் எழுதப்படாதது, மாநில நிதியில் பணம் இல்லாதது. முதல் இரண்டையும் நாமே துரத்தலாம். ஊனத்துக்கான தொகை அந்தச் சதவீதத்தை வைத்தே நிர்ணயமாவதால், அது எவ்வளவு என்பதை மருத்துவர் குழு எழுதித்தராமல் மனு நகராது.

உத்தரவு வந்ததும் முழுத் தொகையும் கைக்கு வராது. 75 சதவீதம் குறைந்தது மூன்று ஆண்டு வைப்புத் தொகையில் போடப்படும், 25 சதவீதத்தை உடனே எடுக்கலாம். சிகிச்சைக்கோ படிப்புக்கோ அதிகம் தேவையென்றால் காரணத்தைச் சொல்லி மனு போடலாம். குற்றம் நடந்ததிலிருந்தோ வழக்கு முடிந்ததிலிருந்தோ மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தொகை குறைவு என்று தோன்றினால் உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் மாநில ஆணைக்குழுவில் மேல்முறையீடு செய்யலாம். அதற்காகவே, நகலை வாங்கும்போது வாங்கிய தேதியைப் போட்டுக் கையெழுத்திடுங்கள்.